சட்டன் மாப்பிள்ளையை விசாரித்தது

லூயிஷாம், லண்டன்
24.2.1991

என் அன்புக்குரிய பெர்னடெற் அக்காவுக்கு,

கடல் தாண்டி இருக்கிற உங்கட தங்கச்சி றோஸ்மலர் எழுதுறன். மடு மாதாவின்ர காலடியில, அகதிமுகாம் கொட்டிலுக்குள்ள நீங்களும் ஸ்ரெல்லாவும் மழைக்கு என்ன செய்யிறீங்களோ எண்டு நினைக்காத நாளில்லை. நானும் இவரும் சுகம். சுகம் எண்டால், இவருக்கு இருமல், எனக்கு வாய். ரெண்டும் நிக்காது.

இந்தக் கடிதத்தை நான் தபாலில போடேல்லை. கொழும்புக்குப் போற கன்னியாஸ்திரி சிஸ்ரர் ஒராளிட்டைக் குடுத்து விடுறன். அவ மன்னார்ப் பங்குச் சுவாமியிட்டைக் குடுப்பா, சுவாமி உங்களிட்டைத் தருவார். வழியில எத்தினை பேர் பிரிச்சு வாசிப்பாங்களோ, ஆருக்குத் தெரியும். வாசிச்ச உடனை அடுப்பில போட்டுவிடுங்கோ. ஸ்ரெல்லாவின்ர கண்ணில பட வேண்டாம்.

இஞ்ச இந்த மாசம் கொட்டின பனியில ரெயில் எல்லாம் நிண்டு போச்சு. அது போதாதெண்டு விக்டோரியா ஸ்ரேசனில குண்டு வைச்சிட்டாங்கள். இவர் ஸ்ரேசனில ரிக்கற் பாக்கிற வேலை எண்டு தெரியும்தானே. இப்ப ஒரு பை தனியாக் கிடந்தாலே சனத்தை எல்லாம் வெளியில கலைக்கிறாங்களாம். வெள்ளைக்காரனுக்கும் எங்கட வருத்தம் தொத்திட்டுது, எதைக் கண்டாலும் சந்தேகம் எண்டு நான் இவருக்குச் சொன்னன். உனக்கு அந்த வருத்தம் பிறக்கேக்கையே இருந்தது எண்டு அவர் சொல்லுறார். மனுசனுக்கு வாய்க்கொழுப்பு.

இனி விசயத்துக்கு வாறன். ஸ்ரெல்லாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கு, பெடியன்ர பேர் கஸ்பர், யாழ்ப்பாணத்துக் கடற்கரைப் பக்கம், எங்கட வேதம், இப்ப லண்டனில சட்டன் எண்ட இடத்தில இருக்கிறார், நீ ஒருக்கா வடிவா விசாரிச்சு எழுது எண்டு கேட்டிருந்தீங்கள். விசாரிக்கிற வேலை எண்டால் என்னட்டை ரெண்டு தரம் சொல்லத் தேவையில்லை. போன ஞாயிறு தமிழ்ப் பூசையில ஆளைப் பிடிச்சிட்டன்.

நல்லதை முதல் சொல்லிப்போடுறன். உயரம், மாநிறம், குடியில்லை, சிகரெட் இல்லை. எங்கட ஆளொருத்தர் நடத்துற பெற்றோல் ஷெட்டில ஷிப்ட் வேலை, மற்ற நேரம் கணக்குப் படிப்பு. மாசத்தில ஒருக்கா வைக்கிற தமிழ்ப் பூசைக்குத் தவறாமல் வாறார். கடைசி வாங்கில இருப்பார். எல்லாம் முடிய ஹோலில கதிரைகளை அடுக்கி வைச்சிட்டுத்தான் போவார். உது காணும், நாளைக்கே எழுதி முடிப்பம் எண்டு நீங்கள் சொல்லுவீங்கள். பொறுங்கோ அக்கா. ஆழமறியாமல் காலை விடாதையுங்கோ.

லண்டனில எந்த யாழ்ப்பாணத்து ஆளைப் பிடிச்சாலும், அவரின்ர தாய் தகப்பனையும் தெரியும், அவர் படிப்பில கோட்டை விட்டதும் தெரியும் எண்டு சொல்லப் பத்துப்பேர் வருவினம். கஸ்பரை அறிஞ்ச ஆள் ஒருத்தருமில்லை. நானும் கேக்காத இடமில்லை. அவரின்ர ஊராக்கள் இஞ்ச லண்டனிலையே கிங்ஸ்பரிப் பக்கம் கனபேர் இருக்கினமாம், ஆனால் ஆள் அந்தப் பக்கம் தலை வைச்சும் படுக்கிறதில்லையாம். ஏன்? பேந்து, சீதனம் வேண்டாமெண்டு தானே எழுதியிருக்கிறார் எண்டு சந்தோசப்பட்டீங்கள். என்ர வயசுக்கு, சீதனம் வேண்டாமெண்ட யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையை நான் இன்னும் காணேல்லை. மடியில கனமிருந்தால்தான் வழியில பயம்.

இன்னொண்டு. அந்த ஆள் தலையாட்டுறதே இல்லை. சிரிக்காதையுங்கோ. நாங்கள் எல்லாரும் கதைக்கேக்க ஓம் எண்டதுக்குத் தலையையும் சேர்த்துத்தானே ஆட்டுறனாங்கள். இவர் கழுத்தை விறைப்பா வைச்சுக்கொண்டு, ஓம் அன்ரி, ஓம் அன்ரி எண்டு வாயால மட்டும் சொல்லுறார். பக்கத்தில திரும்பிப் பாக்கிறதெண்டாலும் முழு உடம்பும் சேர்ந்து திரும்புது. தலைக்கனம் எண்டு முதல் நினைச்சன். பூசை முடிஞ்சு வெளியில வர, காது அறுந்து விழுற குளிர். என்ர மனுசன் தன்ர கம்பளித் தொப்பியைக் குடுத்து, போடுமன் தம்பி எண்டார். கஸ்பர் பாம்பைக் கண்டமாதிரிப் பின்னுக்குப் போனார். தலையில ஒண்டும் போடுறதில்லையாம்.

எல்லாத்தையும் விடுங்கோ. தேத்தண்ணி குடிக்கேக்க, எங்கட ஊர் எதெண்டு தெரியுமோ எண்டு கேட்டு ஊரின்ர பேரைச் சொன்னன். பெண்ணின்ர அண்ணனை அங்கதான் ஆமி கொண்டு போனது எண்டும் சொன்னன். கோப்பையை வைச்சிட்டார். எந்த வருசம் எண்டு கேட்டார். எண்பத்தைஞ்சு எண்டன். ஷிப்டுக்கு நேரமாச்சு எண்டு எழும்பிப் போட்டார். எண்பத்தைஞ்சில இருந்து எண்பத்தேழு வரைக்கும் எங்க இருந்தவர் எண்டு அதுக்கு முதலே கேட்டனான். தெற்கில எண்டார். தெற்கில என்ன செய்தவர்? அதைக் கேக்கச் சீனி எடுக்க எழும்பிப் போட்டார்.

அக்கா, நான் எங்க வாறன் எண்டு உங்களுக்கு விளங்கும். அண்டைக்கு எங்கட கோயில் வளவில நடந்ததை நீங்கள் எழுதின கடிதத்தை நான் மறக்கேல்லை. ஆமி ஊரைச் சுத்திவளைச்சு, பெடியளை எல்லாம் வரிசையாக்கி, ஜீப்புக்கு முன்னால ஒவ்வொருத்தனா நடக்க விட்டது. ஜீப்புக்குள்ள தலையில சாக்குப் போட்ட ஒருத்தன், கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. அவன் சும்மா இருந்தால் பெடியன் வீட்டை போகலாம். தலையாட்டினால் ட்ரக்கில ஏத்துவாங்கள். எங்கட அமலன் போகேக்க அந்தச் சாக்கு ஆடினது. வலையும் படகும் தவிர வேறொண்டும் அறியாத பிள்ளை. அண்டைக்கு ஏத்தினதுதான்.

அந்தத் தலையாட்டி ஆரெண்டு இண்டுவரை தெரியாது. அவனும் சாக்கைக் கழட்டிப்போட்டு, தலைமயிரை வாரி இழுத்து, நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு உலகத்தில எங்கையோ இருக்கத்தானே வேணும். ஏன் லண்டனில இருக்கக்கூடாது? ஏன் எங்கட வீட்டுக்கே மாப்பிள்ளையா வரக்கூடாது? அமலனைக் காட்டிக் குடுத்தவன்ர கையில அமலன்ர தங்கச்சியைப் பிடிச்சுக் குடுக்கிறதோ?

கலியாணத்துக்கு முதல் மூண்டு ஞாயிறு கோயிலில பேர் வாசிச்சு, தடை தெரிஞ்சவை வந்து சொல்லுங்கோ எண்டு சுவாமி கேக்கிறவர். தெரிஞ்சும் வாய் பொத்திக்கொண்டு இருக்கிறது பாவம் எண்டு எங்களுக்குச் சின்னனில படிப்பிச்சவை. எனக்கு இன்னும் ஒண்டும் வடிவாத் தெரியாது. அறியாமல் விடமாட்டன். தவக்காலம் முடியுமட்டும் ஓம் எண்டும் சொல்லாதையுங்கோ, இல்லை எண்டும் சொல்லாதையுங்கோ.

அமலன் கெதியா வந்து சேர மாதா வழி விடட்டும். ஸ்ரெல்லாவுக்கு என்ர முத்தங்கள்.

உங்கட அன்புத் தங்கச்சி
றோஸ்மலர்


லூயிஷாம், லண்டன்
12.5.1991

அன்பான அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துப் பிந்தி வருகுது, கோவிக்காதையுங்கோ. இந்தக் கடிதமும் அதே சிஸ்ரர்மாரின்ர கையாலதான் வருகுது. உங்கட மறுமொழி போன மாசம் கிடைச்சது. ஸ்ரெல்லாவும் கஸ்பரும் சுவாமிமார் மூலமா ரெண்டு மூண்டு கடிதம் மாறியிருக்கினம், பிள்ளைக்கு விருப்பம் போலக் கிடக்கு, உன்ர சந்தேகத்தை நீ உன்னோட வைச்சுக்கொள் எண்டு கொஞ்சம் உறைப்பா எழுதியிருந்தீங்கள். எனக்குக் கோவமில்லை. ஆனால் நான் சந்தேகத்தைப் பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டுற ஆள் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதோ?

பெருநாள் முடிஞ்ச சனிக்கிழமை நண்டுக்கறியும் புட்டும் கட்டிக்கொண்டு நானும் இவரும் சட்டனுக்குப் போனம். கஸ்பர் வேலைக்குப் போற நேரம் பாத்துத்தான் போனனான். வீட்டில அவனோட அறையில இருக்கிற அருட்பிரகாசம் எண்ட பெடியன் மட்டும். நண்டைக் கண்ட உடனை அருட்பிரகாசம் என்ர பிள்ளை மாதிரி ஆகிட்டான். பாவம், எத்தினை மாசமாப் பாணும் பருப்பும் திண்டானோ. நான் கறியை வைக்க வைக்க அவன் கதையை வைச்சான்.

கஸ்பர் லைற்றை நூர்த்துப்போட்டுப் படுக்கமாட்டானாம். கம்பளியைக் கழுத்துக்கு மேல இழுக்கமாட்டானாம். நித்திரையில, என்ர தலை, என்ர தலை எண்டு கத்திக்கொண்டு எழும்புவானாம். கழுத்துக்குப் பின்னால பெரிய தழும்பு ஒண்டு இருக்காம், அதுக்கு ஒரு எண்ணெய் பூசுறவனாம். எப்பிடி வந்த தழும்பு எண்டு கேட்டதுக்கு அருட்பிரகாசத்தோட ஒரு கிழமை கதைக்கேல்லையாம். இவ்வளவும் கேட்ட பிறகு நான் நண்டுச் சட்டியை மூடி வைச்சிட்டன். தலையாட்டினவனை ஆரோ பிறகு பிடிச்சுக் கழுத்தில அடி போட்டிருக்கவேணும். வேற என்ன? நெருப்பில்லாமல் புகையாது.

வரேக்க ரெயிலில இவர் என்னோட சண்டை. ஒருத்தன் நித்திரையில கத்தினால் அது குற்றமோ எண்டு கேட்டார். ஊரில இருந்து வந்த பெடியளில ஆர் கத்தாமல் படுக்கிறான் எண்டார். நான் ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு வந்தன். இந்த மனுசனுக்கு ஆரைக் கண்டாலும் நல்லவன். ரிக்கற் இல்லாமல் வாறவனையே தம்பி கவனமாப் போ எண்டு விடுகிற ஆள்.

எனக்கு இதை ஆரிட்டையாவது சொல்லாமல் இருக்க ஏலாமல் போச்சு. செபமாலைமுத்து அண்ணையின்ர மனுசிக்குப் போன் அடிச்சன். செபமாலைமுத்து அண்ணை எண்டால் தமிழ்ப் பூசைச் சங்கத்துக்குத் தலைவர். அதோட, ஊரில இப்ப ஆட்சி செய்யிற இயக்கப் பெடியளுக்கு இஞ்சத்தைக் கதையெல்லாம் அனுப்புறவர். இது உனக்குள்ள இருக்கட்டும் எண்டு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னனான். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கோ? அடுத்த பூசைக்கு நான் போகேக்க, பொம்பிளையள் எல்லாரும் என்னைப் பாத்திட்டு, பின்வாங்கில இருந்தவனைப் பாத்திட்டு, பேந்து என்னைப் பாத்தினம்.

பூசை முடிஞ்சு ஹோலில தேத்தண்ணி. நான் பொரிச்ச மீன் பற்றிஸ் ஒண்டை வாயில வைச்ச நேரம் பாத்து, செபமாலைமுத்து அண்ணை ரெண்டு பெடியளோட எனக்கு முன்னால வந்து நிண்டார். அங்கால கஸ்பர் கதிரை அடுக்கிக்கொண்டு நிண்டவன். நீர் சொன்ன ஆள் உவர்தானோ எண்டு அவர் மெதுவாக் கேட்டார். வாய் நிறையப் பற்றிஸ், சுடச்சுட. நான் ஓம் எண்டு தலையாட்டினன்.

அவ்வளவுதான் அக்கா. நான் வாய் திறந்து ஒரு சொல் சொல்லேல்லை. அவை மூண்டு பேரும் அவனிட்டைப் போச்சினம். என்ன கதைச்சவை எண்டு எனக்குக் கேக்கேல்லை. அவன் கையில இருந்த கதிரையைக் கீழ வைச்சிட்டு, அந்த விறைச்ச கழுத்தோட முழு உடம்பையும் திருப்பி என்னைப் பாத்தான். கோவமாப் பாத்திருந்தால் எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு போட்டான். வீட்டை வந்து இவருக்குச் சொன்னன். மனுசன் அண்டைக்கு என்னோட இருந்து சாப்பிடேல்லை.

ஆகவே அக்கா, இந்தச் சம்பந்தத்தை விடுங்கோ. பிள்ளை அழுவாள், அழட்டும். நாளைக்கு உண்மை தெரிஞ்சு அழுறதைவிட இண்டைக்கு அழுறது நல்லது. நான் செய்தது சரி எண்டுதான் எனக்குப் படுது. படுக்கேக்க மட்டும் கொஞ்சம் அந்தரமாக் கிடக்கு. அது பற்றிஸ் செமிக்காததா இருக்கும்.

அமலனுக்காக இந்த மாசமும் பூசை சொல்லுவிச்சனான். அவன் வருவான்.

அன்புத் தங்கச்சி
றோஸ்மலர்


லூயிஷாம், லண்டன்
8.9.1991

அக்கா,

இண்டைக்கு மாதா பிறந்த நாள். இந்தக் கடிதத்தை அடுப்பில போட வேண்டாம். வாசிச்சிட்டு வைச்சிருங்கோ, ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

உங்கட கடிதம் ஆனையிறவுச் சண்டைக்குள்ளால தப்பி எப்பிடியோ வந்து சேர்ந்தது. நாலே வரி. இவன்தானோ என்ர பிள்ளையைக் காட்டிக் குடுத்தவன், நேரில கேட்டு எழுது, ஸ்ரெல்லா சாப்பிடுறாளில்லை. அந்த நாலு வரியையும் வாசிச்சிட்டு நான் குசினிக்குள்ள நிலத்தில இருந்திட்டன். ஏனெண்டால் அது வர முதலே நான் கேட்டாச்சு. கஸ்பரே வந்து சொல்லியாச்சு.

முதல் இஞ்ச நடந்ததைச் சொல்லுறன். அந்தப் பூசைக்குப் பிறகு பெற்றோல் ஷெட் முதலாளி கஸ்பரை நிப்பாட்டிப் போட்டார். வீட்டுக்காரர் அறையை விடச் சொல்லிட்டார். சட்டன் ஸ்ரேசனடியில ஆரோ ரெண்டு பேர் முகத்தில துப்பியிருக்கிறாங்கள். தமிழ்ப் பூசைக்கு வாறதில்லை. பனையால விழுந்தவனை மாடேறி மிதிச்ச கதைதான், அந்த மாட்டை அவிட்டு விட்டது நான். ஆனால் அதெல்லாம் ஒரு மனுசன் தாங்கக்கூடியது. தாங்க ஏலாதது பிறகு வந்தது.

இஞ்ச இருந்து கதை அங்க போயிருக்கு. யாழ்ப்பாணத்தில கஸ்பரின்ர தாயும் தம்பி டொமினிக்கும் இருக்கினம். தமையன் காட்டிக் குடுத்தவன், அப்ப தம்பி ஆரோட தொடர்பு எண்டு விசாரிக்க வேணுமெண்டு ஆடி மாசம் டொமினிக்கைக் கூட்டிக்கொண்டு போட்டினம். இந்த முறை ஆமி இல்லை அக்கா. எங்கட பெடியள். தாய் ஒவ்வொரு நாளும் போய் அவையின்ர வாசலில நிக்கிறாவாம். விசாரணை முடிய விடுவம் எண்டு சொல்லுகினமாம். அந்தச் சொல்லை நீங்களும் எத்தினை வாசலில நிண்டு கேட்டீங்கள்.

இது தெரிஞ்ச அடுத்த ஞாயிறு பின்னேரம் கஸ்பர் எங்கட வீட்டுக் கதவைத் தட்டினார். இவர்தான் திறந்தார். அடிக்க வந்திட்டார் எண்டு நான் நினைச்சன். அவர் வந்து கதிரையில இருந்தார். தேத்தண்ணி வேண்டாமெண்டார். நான் ஸ்ரெல்லாவைப் பற்றிக் கதைக்க வரேல்லை, அதை நான் விட்டிட்டன், நீங்கள் என்னைப் பற்றி நினைச்சதில பாதி சரி எண்டார்.

எண்பத்தைஞ்சு தொடக்கத்தில ஆமிக்காரர் அவரை றோட்டில பிடிச்சவங்களாம். அடிச்சுப்போட்டு, தலையில சாக்கைப் போட்டு, ஜீப்பில ஏத்தி, அவரின்ர சொந்த ஊருக்கே கொண்டு போயிருக்கிறாங்கள். உனக்கு எல்லாரையும் தெரியும், தெரிஞ்சவனுக்கு ஆட்டு எண்டவங்களாம். ஊர்ப் பெடியள் எல்லாரும் முன்னால நடந்தினம் எண்டார். படிச்சவன், பந்தடிச்சவன், பீடத்தில பூசைக்கு உதவி செய்தவன். கடைசியா அவரின்ர தகப்பன். அந்த மனுசன் சாக்குக்குள்ள இருக்கிறது தன்ர பிள்ளை எண்டு தெரியாமல், சாக்கைப் பாத்து மாதாவே எண்டு கும்பிட்டவராம். கஸ்பர் ஒருத்தருக்கும் தலையாட்டேல்லை. ஒரு பெடியனையும் ஏத்தேல்லை. ஜீப் ஊரை விட்டு வெளியில வந்த உடனை துவக்குப் பிடியால கழுத்தில அடி போட்டிருக்கிறாங்கள். அண்டையில இருந்து அந்தக் கழுத்து குனியாது. உதவாதவன் எண்டு தெற்கில ஒரு முகாமுக்கு அனுப்பிட்டாங்களாம். எண்பத்தேழில இந்தியா செய்த ஒப்பந்தத்தோடதான் விட்டிருக்கிறாங்கள். வீட்டை போனால் தகப்பன் இல்லை, செத்துப்போட்டார்.

எங்கட ஊருக்கு உங்களைக் கொண்டு வந்தவங்களோ எண்டு நான் கேட்டன். ஓம் அக்கா, அவ்வளவும் கேட்ட பிறகும் கேட்டன். இல்லை எண்டார். பிறகு ஒரு இடத்துக்கும் கொண்டு போகேல்லை எண்டார். அப்ப ஏன் அண்டைக்குக் கோப்பையை வைச்சிட்டு எழும்பினீங்கள் எண்டு கேட்டன். நான் ஆட்டாததால வேற ஆரையோ பிடிச்சு ஆட்ட வைச்சிருப்பாங்கள், அவன் ஆட்டினதில உங்கட பிள்ளை போயிருக்கலாம் எண்டு நினைச்சன், அதுக்கு மேல அங்க இருக்க ஏலாமல் போச்சு எண்டார். இவ்வளவு காலமும் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு என்ர மனுசன் கேட்டார். நான் ஜீப்பில இருந்தனான் எண்டு வாய் திறந்தால், அதுக்கு மேல ஆர் கேப்பினம் எண்டார். அது உண்மை. நான் கேட்டிருக்கமாட்டன்.

நீங்கள் கேட்டபடியா உள்ளதை எழுதுறன். சாட்சி எண்டு ஒண்டும் இல்லை. அண்டைக்கு முன்னால நடந்து போன பெடியள் அவ்வளவு பேரும் உயிரோட இருக்கினம், ஆனால் சாக்குக்குள்ள இருந்தது ஆரெண்டு அவைக்குத் தெரியாது. தெரிஞ்சவங்கள் ஆமிக்காரர், அவங்களைப் போய்க் கேக்கவோ? என்ர குணம் உங்களுக்குத் தெரியும். நான் இன்னும் முழுசா நம்பேல்லை. பாத்திரம் கழுவேக்க நம்புறன், துடைச்சு அடுக்கேக்க, பொய்க்காரனும் இப்பிடித்தானே சொல்லுவான் எண்டு வருகுது. ஆனால் ஒண்டு மட்டும் விளங்கிட்டுது. எங்கட அமலனைக் கொண்டு போனவங்களும் நிச்சயமாத் தெரிஞ்சு கொண்டு போகேல்லை. ஒரு தலை ஆடினது, அவ்வளவுதான் அவங்களுக்குத் தேவைப்பட்டது. செபமாலைமுத்து அண்ணைக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் பற்றிஸ் திண்டுகொண்டு அதைக் குடுத்தன்.

நான் சும்மா இருக்கேல்லை. அடுத்த நாளே செபமாலைமுத்து அண்ணை வீட்டை போனன். நான் பிழையாச் சொல்லிட்டன், டொமினிக்கை விடச் சொல்லி அங்க எழுதுங்கோ எண்டு கேட்டன். அண்டைக்குத் தலையாட்டினீர், இண்டைக்கு வாயால இல்லை எண்டுறீர், நான் எதை அனுப்புறது எண்டு கேட்டார். அழுதன், கத்தினன். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் எட்டிப் பாக்கிற அளவுக்குக் கத்தினன். கடைசியா அவர் சொன்னது இதுதான்: உம்மட சொல் இனி எடுபடாது. பிள்ளையைப் பறிகுடுத்த தாய், இவன் இல்லை எண்டு சொன்னால் அவை கேப்பினம். அவவின்ர சொல்லுக்கு மேல அங்க சொல் இல்லை.

இப்ப விளங்குதோ அக்கா, நான் ஏன் எழுதுறன் எண்டு.

மன்னார்ச் சுவாமி வாற மாசம் ஆயரைக் காண யாழ்ப்பாணம் போறாராம், சிஸ்ரர் சொன்னவ. நீங்கள் உங்கட கையால எழுதி அவரிட்டைக் குடுங்கோ. அமலன்ர தாய் பெர்னடெற் எழுதுறன், என்ர பிள்ளையைக் காட்டிக் குடுத்தவன் கஸ்பர் இல்லை, அவன்ர தம்பியை விடுங்கோ எண்டு எழுதுங்கோ. உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால், தாய்க்குத் தெரியும் எண்டு சொல்லுங்கோ. என்ர தங்கச்சி சந்தேகப்பிராணி, வாய்காரி, அவவின்ர கதையைக் கேக்காதையுங்கோ எண்டும் எழுதுங்கோ. இந்தக் கடிதத்தைச் சுவாமிக்கு மட்டும் காட்டுங்கோ, அவையின்ர கையில குடுக்க வேண்டாம், நான் எழுதினது எல்லாத்துக்கும் இதில கையெழுத்து வைச்சிருக்கிறன். நாளைக்கு அது பொய்யாப் போனால் அந்தப் பாவம் முழுக்க என்ர தலையில இருக்கட்டும்.

உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்டைத் தெரியும் எண்டு சொல்லச் சொல்லி, உங்களைப் போய் நான் கேக்கிறன். அமலனைப் பெத்தவளிட்டைக் கேக்கிறன். நீங்கள் என்னைத் திட்டுவீங்கள், திட்டுங்கோ. இனி என்ர முகத்தில முழிக்கமாட்டன் எண்டு சொல்லுவீங்கள், அதுக்கும் நான் வாய் திறக்கமாட்டன். ஆனால் திட்டி முடிய எழுதுங்கோ. கை நடுங்கினால் ஸ்ரெல்லாவைக் கொண்டு எழுதுவிச்சு, கையெழுத்தை மட்டும் வையுங்கோ. அவளுக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ. என்ர பேரைச் சேர்த்துச் சொல்லுங்கோ.

டொமினிக்கின்ர தாயின்ர பேர் எலிசபெத்து. சுவாமி கேட்டால் சொல்லுறதுக்காக எழுதினனான். இண்டைக்கும் அவ அந்த வாசலில நிப்பா. அவவை உள்ளுக்குக் கூப்பிட வைக்க இஞ்ச ஆராலையும் ஏலாது, உங்களால ஏலும்.

உங்கட காலைப் பிடிச்சுக் கேக்கிறன் அக்கா. மடு மாதா அந்தப் பிள்ளையையாவது தாயிட்டைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கட தங்கச்சி
றோஸ்மலர்